புளி உலுக்கிய மறுநாள் எடுத்த ரத்தம்

செவ்வாய்க்கிழமை காலை 6.40. பள்ளிக்கூட வராந்தாவில் நான் முதலில் பார்த்தது என் தம்பி கோவிந்தனின் உள்ளங்கையை. ரத்தம் கொடுக்கக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தான். செவிலியர் செல்வி முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில் நான்கு கொப்புளங்கள், அவற்றில் இரண்டு உடைந்தவை. இடது கையில் மூன்று. வேலூரில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். கண்ணில் பட்டதை எண்ணிவிடுவேன். எண்ணியதை நோட்டில் எழுதிவிடுவேன்.

ரத்தப் பரிசோதனை முகாமுக்கு அந்த நாளைப் பிடித்தவர் செல்விதான். எங்கள் ஊர் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், ஜீப் போகும் பாதை முடிந்த பிறகும் ஒரு மேடு ஏறி வர வேண்டிய ஊர். நாற்பத்திரண்டு வீடுகள். ஆட்களை ஒன்றாகப் பிடிப்பது கடினம். ஒருவர் சாமைக்காட்டில் இருப்பார், ஒருவர் கடுக்காய் பொறுக்கப் போயிருப்பார். ஆனால் புளி உலுக்கி முடித்த மறுநாள் எல்லோரும் வீட்டில் கிடைப்பார்கள். உதிர்த்த புளி வெயிலில் காயும். உதிர்த்தவர்கள் முதுகைத் தரையில் போட்டுக் கிடப்பார்கள். அன்று மரம் ஏறக் கூடாது என்பது எங்கள் ஊரில் வழக்கம். செல்வி இதைக் கவனித்து வைத்து, மேலதிகாரிகளிடம் பேசி, அந்த நாளையே வாங்கியிருந்தார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். பதிவேட்டில் பெயர் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். முப்பத்துநான்கு பேர் ரத்தம் கொடுத்தார்கள். கடைசிப் பெயர் என்னுடையது: சரோஜா, வயது 56.

வியாழக்கிழமை மாலை செல்வியின் போன் வந்தது.

"அக்கா, பதறாதீங்க. பதினோரு பேருக்குக் கல்லீரல் ரிப்போர்ட் சரியில்ல. உங்க தம்பிக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி. நாளைக்கே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கு, அத ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

பதினோரு பெயர்களையும் அளவுகளையும் போனில் கேட்டு எழுதிக்கொண்டேன். கல்லீரல் உயிரணுக்களுக்குள் சில நொதிகள் வேலை செய்கின்றன. உயிரணு அடிபட்டால் அவை ரத்தத்தில் கசியும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டை வழக்கமாக அளக்கிறார்கள். நாற்பதுக்குள் இருந்தால் நிம்மதி. கோவிந்தனுக்கு முதலாவது 212, இரண்டாவது 88.

இந்தச் செய்தி வீட்டுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஈரல் என்றவுடன் அவன் மனைவி பூங்காவனத்துக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். அவள் அப்பா சாராயத்தில் போனவர்.

"எங்கய்யா குடிச்ச?" என்றாள்.

"இன்னாடி குடிச்சேன்? டீ குடிச்சேன்."

"டீ குடிச்சா ஈரல் பூடுமா? ஊருல அத்தினி பேரு டீ குடிக்கிறாங்க."

"பதினோரு பேருக்குக் கீதாமே. பதினோரு பேரும் குடிச்சோமா?"

"சேந்துதான் குடிச்சிருப்பீங்க."

கோவிந்தன் என்னைப் பார்த்தான். "அக்கா, நீயாவது சொல்லேன். உன் பேரும் அதுல கீது."

பூங்காவனம் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வேலூரில் இருபத்தாறு வருடம் தனியாக இருந்தவள் என்ற கணக்கு அந்தப் பார்வையில் ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. தம்பிக்கு நாற்பத்தொன்பது வயது. எங்கள் அப்பா ஐம்பத்தெட்டில், உழுதுகொண்டிருந்த காட்டிலேயே விழுந்து இறந்தவர். மறுநாள் ஜீப்பில் போகும்போது கோவிந்தன் என் காதில் மட்டும் கேட்டான்: "இது முத்திப் போச்சுன்னா எத்தினி நாளு இருப்பேன்க்கா?" தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியிருக்கிறேன். அன்று அது உதவவில்லை.

மருத்துவமனையில் இரண்டாவது மாடி, ஆண்கள் வார்டு, ஒன்பதாம் எண் கட்டில். என் இடம் அதற்குப் பக்கத்தில் ஒரு நீல ஸ்டூல். வெள்ளிக்கிழமை முழுவதும் சோதனைகள். மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கின்றனவா என்று ரத்தம் எடுத்தார்கள், இல்லை. வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ஈரல் பார்க்கச் சுத்தமாக இருந்தது. பயிற்சி மருத்துவர்கள் மூன்று பேர் வந்து மூன்று விதமாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். குடிப்பீங்களா? எப்பவாவது? விசேஷத்துக்காவது? ஒவ்வொரு முறையும் பூங்காவனம் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றுகொண்டாள்.

"உள்ளத சொல்லித் தொலய்யா. பொய் சொன்னா மருந்து மாறிப்பூடும்."

"சத்தியமா இல்ல மேடம்," என்று கோவிந்தன் சொன்னது மருத்துவரிடம், பார்த்தது அவளை.

அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமைச் சோற்றைத் தட்டில் போட்டாள். குழம்பை ஊற்றாமல் கிண்ணத்தில் தனியாக வைத்தாள். கோபம் என்றால் அப்படித்தான் பரிமாறுவாள். ஆனால் சோறு சூடாக இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்த சோறு எப்படிச் சூடாக இருக்கும் என்று பார்த்தேன். பாத்திரத்தைத் தன் பழைய கம்பளிச் சால்வையில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள்.

சனிக்கிழமை காலை தலைமை மருத்துவர் வந்தார். டாக்டர் ரேவதி என்று சட்டைப் பையில் எழுதியிருந்தது. நாற்பது வயது இருக்கும். பேசுவதற்கு முன் பேப்பரைப் படிக்கிறவர். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. புது ரிப்போர்ட்டில் 212 என்பது 131 ஆகியிருந்தது. மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாடி பிடிக்கக் கோவிந்தனின் கையைத் திருப்பினார். உள்ளங்கை தெரிந்தது.

"இது என்ன?"

"கழி பிடிச்சது மேடம். புளி உலுக்கினோம்."

"எத்தனை நாள்?"

"மூணு நாளு. சனி, ஞாயிறு, திங்க."

"ரத்தம் எடுத்தது?"

"செவ்வாய்க்கெழம."

டாக்டர் ரேவதி என் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். அவர் முகத்தில் தெரிந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். செய்தி பிடிபட்ட நிருபரின் முகம் அது.

"இந்த நொதிங்க ஈரல்ல மட்டும் இல்லை," என்றார். "தசையிலயும் இருக்கு. மூணு நாள் மரத்து மேல நின்னு கழியால அடிச்சா தோள், தொடை எல்லாத் தசையும் கொஞ்சம் கொஞ்சமா அடிபடும். அதுல இருந்து கசியறதும் இதே பேர்லதான் ரிப்போர்ட்ல வரும். சி.கே.ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. அது தசைக்கு மட்டும். அதையும் ஜி.ஜி.டி.ன்னு இன்னொண்ணையும் பாத்திடுவோம். ஜி.ஜி.டி. தசையில இருந்து வராது."

மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. இருநூறுக்குள் இருக்க வேண்டிய சி.கே. 2,840. ஜி.ஜி.டி. சரியான அளவு. கோவிந்தனின் ஈரலுக்கு ஒன்றும் இல்லை. அவன் தோளுக்கும் தொடைக்கும்தான் வலி. அது அவனுக்கு முன்பே தெரியும்.

"கேட்டியாடி?" என்றான்.

பூங்காவனம் கிண்ணத்தை எடுத்தாள். குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றினாள்.

என்னால் உட்கார முடியவில்லை. மற்ற பத்துப் பேர்? அவர்களும் மரத்தில் இருந்தவர்கள்தானா? என் பைக்குள் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று செல்வி சொன்ன பதினோரு பெயர்கள். மற்றொன்று புளி உலுக்கிய மூன்று நாட்களும் நான் எழுதிய நோட்டு. எங்கள் ஊரில் புளியமரத்தில் ஆட்கள் ஏறும்போது ஒருவர் கீழே நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. பொறுக்கக் கூடாது, கூடை தூக்கக் கூடாது. இலைக்குள் மறைந்திருப்பவர்களை அடிக்கடி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேலே இருப்பவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் எல்லாக் கழியும் நின்றுவிடும். இந்த வருடம் கீழே நின்றவள் நான். பெயர்களை நினைவில் வைப்பதற்குப் பதில் மரம் வாரியாக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நடைபாதையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடித்தேன். கோவிந்தன், சரி. சின்னசாமி, சரி. லட்சுமணன் மூன்று நாளும் ஏறியவன், சரி. அவன் அளவு 190. ஒரே நாள் ஏறிய ஆண்டிக்கு 74. அதிகம் ஏறியவனுக்கு அதிகம், குறைவாக ஏறியவனுக்குக் குறைவு. பத்துப் பெயர்களும் மரத்தில் இருந்தன. எத்தனையோ வருடம் எத்தனையோ ஆவணங்களைச் சரிபார்த்திருக்கிறேன். இத்தனை அழகாக எதுவும் பொருந்தியதில்லை. புறநோயாளிப் பிரிவுக்குப் படியில் ஓடினேன். ஒரு மாடி இறங்கியதும் நின்று மூச்சு வாங்கினேன். மறுபடி ஓடினேன்.

டாக்டர் ரேவதி இரண்டு தாள்களையும் மேசையில் விரித்தார். அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "முகாம் வைக்கிற நாளை மாத்தச் சொல்லணும்! நீங்களே எழுதிக் குடுங்க, நான் கையெழுத்து போடறேன்," என்றார். பேனா பெயர்களின் மேல் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றது.

"டிக் பத்துதான் இருக்கு. பதினொண்ணாவது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"நீங்க ஏறினீங்களா?"

"இல்லை. கீழ நின்னேன்."

"கூடை தூக்கினீங்களா? பொறுக்கினீங்களா?"

"கீழ நிக்கறவங்க எதையும் தொடக் கூடாது."

அவர் பேனாவை மூடி வைத்தார். என் எண்களின் மேல் விரலை வைத்துக் காட்டினார். மரத்தில் இருந்த பத்துப் பேருக்கும் எஸ்.ஜி.ஓ.டி.தான் அதிகம், எஸ்.ஜி.பி.டி. குறைவு. எனக்கு மட்டும் தலைகீழ்: 49, 78. பெரிய எண்கள் அல்ல. கூட்டத்தில் சேர்த்துப் பார்த்தால் யார் கண்ணிலும் படாது. என் கண்ணிலும் படவில்லை. பட்டியலைச் சரிபார்த்தவள் நானே, என் பெயரைச் சரிபார்க்காமல் ஓடிவந்திருக்கிறேன்.

அன்று மாலையே என் கையில் ஊசி ஏறியது. சி.கே. சரியான அளவு. ஜி.ஜி.டி. 96, பெண்களுக்கு ஏறக்குறைய நாற்பதைத் தாண்டக் கூடாது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எல்லைக்கோட்டில் நின்றது. ஸ்கேனில் ஈரல் வெள்ளையாகத் தெரிந்தது. கொழுப்பு படிந்த ஈரல். ஒரு சொட்டு சாராயம் தொடாதவளுக்கும் வரும். செய்திப் பிரிவின் சர்க்கரை போட்ட டீயும் புரோட்டாவும் உட்கார்ந்தே கழித்த வருடங்களும் போதும்.

ஞாயிறு காலை டாக்டர் ரேவதி கோவிந்தனின் கட்டிலுக்கே வந்து எனக்கு விளக்கினார். "ஈரல் கொழுப்புக்காக மட்டும் நான் அவசரப்படலை. அந்தக் கொழுப்பைச் சேர்க்கிற காரணங்கதான் ரத்தக்குழாயையும் அடைக்குது. ஜி.ஜி.டி. ஏறினவங்களுக்கு இதய நோய் கொஞ்சம் கூடுதலாவே வர்றதைப் பாத்திருக்காங்க. அதுக்காக உங்க இதயம் கெட்டிருக்குன்னு இந்த எண் சொல்லலை. போய்ப் பாருன்னு சொல்லுது. அவ்வளவுதான். நடந்தா நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கறது உண்டா?"

"இல்லை," என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த கோவிந்தன் எழுந்து உட்கார்ந்தான். "பொய் சொல்லுது மேடம். ஜீப்பு நிக்கற எடத்துலருந்து வூட்டுக்கு வர்றதுக்குள்ள மூணு தடவ நிக்குது. பலாமரத்தாண்ட ஒண்ணு, பாறைகிட்ட ஒண்ணு, வளைவுல ஒண்ணு. கேட்டா குருவி பாக்கறேங்குது."

"குருவி பாக்கறதுதான்."

"எங்களுக்குத் தெரியாதாக்கா? அந்த வளைவுல இன்னா குருவி கீது?"

பூங்காவனம் என்னைப் பார்த்தாள். இந்த முறை வேறு பார்வை. "அண்ணி, உள்ளத சொல்லிடுங்க," என்றாள் மெதுவாக. "மருந்து மாறிப்பூடும்."

சொன்னேன். ஒன்றரை வருடமாக அந்த மேட்டில் மார்பின் நடுவில் ஓர் இறுக்கம் வருகிறது. நின்றால் போய்விடுகிறது. வயது என்று நினைத்தேன், மலை என்று நினைத்தேன். நிற்பதை மறைக்கக் குருவி பார்த்தேன். பார்த்ததை எல்லாம் நோட்டில் எழுதுகிற நான், இதை ஒருநாளும் எழுதவில்லை.

திங்கட்கிழமை டிரெட்மில் சோதனை. மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்க விடுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையின் சரிவும் வேகமும் கூடும். இதயத்தின் மின்கோடு திரையில் ஓடும். ஐந்தாவது நிமிடத்தில் இறுக்கம் வந்தது. எங்கள் மேட்டின் இறுக்கம், அச்சு அசலாக. திரையில் கோடு ஓர் இடத்தில் கீழே தொய்ந்ததை நானே பார்த்தேன். டெக்னீஷியன் பட்டையை நிறுத்தினார். பயந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது ஒரு துள்ளல். எழுதாமல் விட்டிருந்த ஒன்றை ஒரு கருவி எனக்காக எழுதிக் காட்டிவிட்டது! பயம் பத்து நிமிடம் கழித்து, காலணியை மாட்டும்போது வந்தது. அப்பாவின் ஐம்பத்தெட்டு என்ற எண்ணோடு வந்தது. வார் ஓட்டையில் நுழையவில்லை. பூங்காவனம் குனிந்து மாட்டிவிட்டாள்.

கோவிந்தனை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள், என்னை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அவன் போகவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்கள் வார்டின் வாசலில் உட்கார்ந்துவிட்டான். காப்பீட்டு அட்டைக்கு அனுமதி வர ஒருநாள் ஆனது. அந்த நாள் முழுவதும் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, உடைந்த கொப்புளங்கள் எரிய எரிய எனக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தான்.

"நோயாளின்னு வந்தது நானு," என்றான். "இப்ப எனக்கு ஸ்டூலு, உனக்குக் கட்டில்."

"பொறாமையா?"

"கட்டில எடுத்துக்கோ. ஒழுங்கா எறங்கி வா, போதும்."

புதன்கிழமை ஆஞ்சியோகிராம். மணிக்கட்டில் சின்னத் துளையிட்டு, மெல்லிய குழாயை இதயம் வரை அனுப்பி, மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பது. மயக்கம் தருவதில்லை, விழித்தே படுத்திருக்கலாம். பக்கவாட்டுத் திரையில் என் இதயத்தின் குழாய்கள் இலை உதிர்ந்த மரம் போலக் கிளைத்துத் தெரிந்தன. முன்பக்கத்துக் கிளை ஒன்றில், ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடத்தில், மை தீர்ந்த பேனாவால் இழுத்த மாதிரி கோடு மெலிந்திருந்தது. எண்பத்தைந்து சதவீத அடைப்பு. அங்கேயே சின்ன வலைக்குழாய் ஒன்றை விரித்து வைத்தார்கள். அதுதான் ஸ்டென்ட். பலூன் விரிந்த சில நொடிகளுக்கு அதே இறுக்கம் வந்தது. முகமூடிக்குள்ளிருந்து மருத்துவர் கூப்பிட்டார்.

"சரோஜாம்மா?"

"இருக்கேன்," என்றேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது இறுக்கம் போயிருந்தது. திரையில் மெலிந்திருந்த இடத்தில் மை ஓடியது.

வெள்ளிக்கிழமை அனுப்பினார்கள். மாத்திரைகளில் ஒன்று ரத்தக் கொழுப்பைக் குறைப்பது. "ஈரல் சரியில்லாதவங்க இதைப் போடக் கூடாதாமே," என்று பக்கத்துக் கட்டில்காரர் பயமுறுத்தியிருந்தார். டாக்டர் ரேவதியிடம் கேட்டேன். என் மாதிரிக் கொழுப்பு ஈரல்காரர்களுக்கு அது கட்டாயம் வேண்டிய மருந்து என்றார். மூன்று மாதத்தில் நொதிகளை மறுபடி பார்ப்போம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். வாசல்வரை வந்தவர், முகாம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அந்தக் கடிதம் செல்வியிடம் போய்ச் சேர்ந்தது. பதினைந்து நாள் கழித்துப் பத்துப் பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார். பத்தும் சரியான அளவு. "என்னால உங்க ஊரே கதிகலங்கிடுச்சுக்கா," என்று வருத்தப்பட்டார். அவர் அந்த நாளைப் பிடிக்காவிட்டால் என் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது என்றேன். பூங்காவனம் அவரை உட்கார வைத்துச் சாமைக் கஞ்சி கொடுத்தாள். எனக்கும் அதே கஞ்சி, வெல்லம் இல்லாமல். கோவிந்தனிடம் மட்டும், "நீ இன்னொரு கிண்ணம் குடிய்யா, ஈரலுக்கு நல்லது," என்றாள். ஊர் சிரித்தது. அவனும் சிரித்தான்.

மூன்று மாத ரிப்போர்ட் போன திங்கட்கிழமை வந்தது. எஸ்.ஜி.பி.டி. 41. ஜி.ஜி.டி. 52. ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன். இன்னும் இறங்க வேண்டும் என்றார் டாக்டர் ரேவதி. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மாலை ஜீப்பில் ஏறினேன். கூடவே கோவிந்தன்.

ஜீப் நின்றபோது மணி 5.10. நான் முன்னால் நடந்தேன், அவன் பின்னால் வந்தான். பலாமரத்தருகே, "அக்கா?" என்றான். "இருக்கேன்," என்றேன். பாறை வந்ததும் மறுபடி கூப்பிட்டான், சொன்னேன். வளைவில் ஒரு பைக் எதிரே வந்தது. அது போக வழிவிட்டு நின்றேன்.

5.24க்கு வீட்டு வாசல். இடையில் நின்றது அந்த ஒரு முறை.